கடையிலும் ஹோட்டலிலும் நமக்காக நிற்பவர்கள்: மரியாதையாக நடந்துகொள்ள ஒரு முழு வழிகாட்டி

ஜவுளிக்கடையில் புடவைக்கு விலை போடுபவர் சேல்ஸ்மேன் கிடையாது. ஹோட்டலில் மசால் தோசை வர அரை மணி நேரம் ஆனால் அதற்கு சப்ளையர் பொறுப்பில்லை. சூப்பர் மார்க்கெட்டில் ஆறு கவுண்டர் இருந்தும் இரண்டுதான் திறந்திருக்கிறது என்றால், அந்த இரண்டில் ஒன்றில் பில் போட்டுக்கொண்டிருக்கும் பெண் அதை முடிவு செய்யவில்லை. ஆனால் நம் வாயில் விழுபவர்கள் இவர்கள்தான். முடிவெடுத்தவர் மாடியில் ஏசி அறையிலோ வேறு ஊரிலோ இருக்கிறார். பதில் சொல்ல வேண்டியவர் நம் எதிரில் நிற்கிறார்.

யார் கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதிச் சண்டை வராது. யாரிடம் என்ன கேட்கலாம், எங்கே சும்மா இருந்துவிடலாம், எங்கே விடாமல் புகார் செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதிலிருந்தே பிடிபடும். அன்பாக இருங்கள், சிரித்துப் பேசுங்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவதால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. அதனால் கடைக்குள் நுழைவதிலிருந்து வீட்டு வாசலில் பார்சல் வாங்குவது வரை வரிசையாக, செய்யக்கூடிய விஷயங்களை மட்டும் எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் தமிழ்நாட்டுக் கடைகளும் ஹோட்டல்களும்.

படி 1: அந்த வேலை எப்படி நடக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

சென்னை தி.நகர், மதுரை விளக்குத்தூண், கோவை ஒப்பணக்கார வீதி, திருச்சி என்.எஸ்.பி. சாலை. இந்தப் பக்கத்துப் பெரிய ஜவுளிக்கடைகளில் வேலை பார்ப்பவர்களில் நிறையப் பேர் வெளியூர்க்காரர்கள். கடையே ஏற்பாடு செய்த விடுதியில் பலர் தங்கியிருப்பார்கள். சாப்பாடு கடையின் மெஸ்ஸில். மதியச் சாப்பாட்டுக்கு பேட்ச் பேட்ச்சாக அனுப்புவார்கள், கூட்டம் அதிகமானால் கடைசி பேட்ச் போக மூன்று மணி, நாலு மணி ஆகிவிடும். நாம் மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு பச்சை நிறப் புடவைக்காக மல்லுக்கட்டும்போது எதிரில் இருப்பவர் இன்னும் சாப்பிடாமல் இருக்கலாம். ஹோட்டல்களில் இப்போது பீகார், ஒடிசா, அசாம், மேற்கு வங்கம், நேபாளத்திலிருந்து வந்தவர்கள் அதிகம். வந்து சில வாரங்களுக்குள் "சட்னி", "பொடி", "நெய் ரோஸ்ட்" எல்லாம் பழகிக்கொண்டு, நாம் அவசரமாகப் பேசும் தமிழைப் பின்தொடர முடியாமல் நிற்கிறார்கள்.

இந்த வேலையில் உடம்பை அதிகம் வாட்டுவது நிற்பது. காலில் நரம்பு சுருட்டிக்கொள்வதும் குதிகால் வலியும் வெளியே தெரியும் தொல்லைகள். தெரியாத தொல்லை ஒன்று உண்டு. கழிப்பறைக்குப் போக அனுமதி கிடைக்காது என்பதால் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் இருந்து, சிறுநீர்த் தொற்றில் மாட்டிக்கொள்வது. கேரளாவில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைப்பெண்களின் போராட்டம் இந்தக் கழிப்பறைப் பிரச்சினையில்தான் தொடங்கியது. 'பெண்கூட்டு' என்ற அமைப்பைக் கட்டிய விஜி அதை முன்னின்று நடத்தினார். உட்காரும் உரிமையும் அந்தக் கோரிக்கைகளில் சேர்ந்தது. 2018இல் கேரளா சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில் அதே வழியில் போனது. தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் கொண்டுவந்த மசோதா, 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காருவதற்கு எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு.

சட்டம் வந்துவிட்டது, ஸ்டூலும் சில கடைகளில் வந்துவிட்டது. ஆனால் வாடிக்கையாளர் வரும்போது உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்காது என்று சூப்பர்வைசர் கண்ணாலேயே எழுப்பிவிடுகிறார். இந்த இடத்தில் நம்மால் நேரடியாக உதவ முடியும். உள்ளே போனதும் ஒருவர் எழுந்திருக்கப் பார்த்தால், "பரவாயில்லை, உட்கார்ந்தே சொல்லுங்க" என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்லுங்கள். சூப்பர்வைசர் காதிலும் விழட்டும். "ஆள் வந்தது தெரிஞ்சும் எந்திரிக்கல பாரு" என்று பக்கத்தில் இருப்பவரிடம் முணுமுணுப்பதை விட்டுவிடுங்கள். அந்த முணுமுணுப்பைக் காரணம் காட்டித்தான் ஸ்டூலை எடுத்து உள்ளே போடுகிறார்கள்.

படி 2: கூப்பிடும் விதத்தைச் சரிசெய்யுங்கள்

சொடக்குப் போடுவது, உஸ் உஸ் என்று சத்தம் கொடுப்பது, டேபிளைத் தட்டுவது, "ஏய்", "இந்தாப்பா" இவை எல்லாம் வேண்டாம். சொடக்குப் போடுபவர்களைப் பார்த்தால் எனக்கு அடுத்த டேபிளுக்கு மாறிவிடத் தோன்றும். கையை லேசாக உயர்த்தி, கண்ணைப் பார்த்து, "அண்ணே" என்றால் போதும். அவர் கையில் நாலு தட்டு இருந்தால் கூப்பிடவே வேண்டாம், இறக்கிவைத்துவிட்டு வரட்டும்.

தமிழில் முறை சொல்லிக் கூப்பிடும் வசதி இருக்கிறது. அதை ஒழுங்காகப் பயன்படுத்தினால் அதைவிட இதமான மரியாதை இல்லை. வயதில் மூத்தவர் என்றால் அண்ணே, அக்கா, ஐயா, அம்மா. இளையவர் என்றால் தம்பி, ம்மா. ஐம்பது வயதுக்காரரைப் போய் "தம்பி" என்பதும், தலை நரைத்தவரை "பையா இங்க வா" என்பதும் சட்டைக் கலரைப் பார்த்து வயதைக் குறைக்கும் வேலை. தம்பி என்று கூப்பிட்டாலும் வினை "வா, போ" ஆக வேண்டியதில்லை, "தம்பி, ரெண்டு காபி கொண்டு வாங்க" என்று இயல்பாகச் சொல்லலாம். இளம் பெண்களிடம் "செல்லம்", "டார்லிங்" எல்லாம் வேண்டவே வேண்டாம். சட்டையில் பேட்ஜ் குத்தியிருப்பது புகார் செய்யவும் பாராட்டவும் வசதிக்காக. அதைப் படித்து ராகம் போட்டுப் பெயரைக் கூப்பிட்டு விளையாடுவதற்கு இல்லை.

வடமாநிலத் தொழிலாளரை "வடக்கன்" என்றும் "ஹிந்திக்காரன்" என்றும் அவர் காதுபடப் பேசுகிறார்கள். அவருக்கு அந்தச் சொல் நன்றாகவே புரிகிறது. தமிழ் புரியவில்லை என்றால் மெனு கார்டில் தொட்டுக் காட்டுங்கள், எண்ணிக்கையை விரலால் காட்டுங்கள். ஒரே வாக்கியத்தைச் சத்தமாகத் திரும்பச் சொல்வதால் மொழி புரிந்துவிடாது.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமான விஷயம். அன்பாகப் பேச்சுக் கொடுப்பதாக நினைத்து "எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு? யாரு வீட்டுப் பையன்?" என்று கேட்டுக்கொண்டே போவார்கள் சிலர். கடைசிக் கேள்வி எதற்கு என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். டீக்கடையில் சாதி பார்த்து இரட்டைக் குவளை வைத்த வரலாறு நம்முடையது. வேலையில் நிற்பவரால் அந்தக் கேள்வியைத் தட்டிக்கழித்துவிட்டு எழுந்து போக முடியாது. ஊர் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 3: ஹோட்டலில் உட்கார்ந்த பிறகு

மத்தியானம் ஒரு மணி, நடுத்தர ஹோட்டல், சாப்பாட்டு நேரம். ஒரு சப்ளையருக்கு நாலைந்து டேபிள். இரண்டாம் டேபிளுக்கு ரசம், நாலாம் டேபிளில் குழந்தைக்குக் காரமில்லாமல் ஒரு தோசை, முதல் டேபிளுக்கு பில், நடுவே பார்சல் கவுண்டரிலிருந்து ஒரு குரல். இதில் பாதி அவர் தலைக்குள் இருக்கிறது, எழுதி வைக்க நேரமில்லை. தோசைக்கல்லில் இருப்பவர் மாஸ்டர், டேபிள் துடைப்பவர் க்ளீனர், பில் கல்லாவில். மூன்று பேருக்கும் நமக்கும் நடுவே ஓடிக்கொண்டிருப்பவர் சப்ளையர். "டேபிள் துடைக்கல", "தோசை லேட்", "பில்லுல தப்பு" மூன்றும் அவர் தலையில்தான் விழுகின்றன, மூன்றில் எதுவும் அவர் செய்ததாக இருக்காது.

அவருக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி அவர் நடையைக் குறைப்பது. போர்டையோ மெனுவையோ பார்த்து முடிவு செய்துவிட்டுக் கூப்பிடுங்கள். அவரை நிற்கவைத்துவிட்டு "நீ என்ன சாப்பிடுற? அப்ப நான் ஊத்தப்பம் சொல்லட்டுமா?" என்று குடும்ப மாநாடு நடத்தாதீர்கள். எல்லோருக்கும் வேண்டியதை ஒருவரே மொத்தமாகச் சொல்வது நல்லது. சாம்பார் வாங்கிவர ஒரு தடவை, அது வந்ததும் சட்னிக்கு ஒரு தடவை, அப்புறம் தண்ணீருக்கு ஒரு தடவை என்று அனுப்பினால் ஒரு டேபிளுக்கே சமையலறைக்கு மூன்று நடை. வரும்போதே "சாம்பார், கார சட்னி, தண்ணி மூணும் வேணும்ணே" என்றால் ஒரே நடையில் முடிந்தது. வெங்காயம் வேண்டாம், எண்ணெய் கம்மி என்பதையெல்லாம் ஆர்டரோடு சொல்லுங்கள். தோசை கல்லில் விழுந்த பிறகு சொன்னால், அதைப் போய் மாஸ்டரிடம் சொல்லித் திட்டு வாங்க வேண்டியவர் இவர்தான்.

கால், பை, குழந்தை மூன்றையும் நடைபாதையிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். சாம்பார் வாளியோடு வருபவர் "பாத்து, பாத்து" என்று சொல்லிக்கொண்டே வருவது வெறும் பழக்கத்தில் இல்லை. வாளியில் இருப்பது கொதிக்கிற சாம்பார், தரை ஈரம், பின்னாலிருந்து ஒருவர் சட்டென்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுவார். எழுந்திருக்கும் முன் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.

சாப்பிட்ட தட்டில் கை கழுவாதீர்கள். பல் குத்திய குச்சியையும் சளி துடைத்த டிஷ்யூவையும் டம்ளருக்குள் திணிக்காதீர்கள், அதற்குள் விரல் விட்டு எடுக்கப்போவது ஒரு மனிதர். இலைச் சாப்பாடு என்றால் மடித்துவிட்டு எழுங்கள். எந்தப் பக்கம் மடிப்பது என்ற சாஸ்திரச் சண்டையை வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கொள்ளலாம், மடித்திருந்தால் எடுப்பவருக்கு வழியாது. குழந்தை சிந்திவிட்டால் உடனே சொல்லி ஒரு துணி கேளுங்கள். ஒன்றும் தெரியாதது போல எழுந்து போனால் அடுத்து வருபவர் அதில் வழுக்குவார், திட்டு க்ளீனருக்கு.

பரோட்டாக் கடை, டீக்கடையில் விதி இன்னும் சுலபம். கல்லுக்கு முன்னால் நிற்பவரின் சூட்டை மனதில் வைத்துக்கொண்டு, சர்க்கரை கம்மியா, ஸ்ட்ராங்கா என்பதை டீ ஆற்றும் முன்பே சொல்லிவிடுங்கள். பார்சலில் என்னென்ன வேண்டும் என்பதைக் கட்டுவதற்கு முன் சொல்லுங்கள்.

படி 4: ஜவுளிக்கடையில்

இங்கேதான் நாம் தெரியாமலே அதிக வேலை வைக்கிறோம். ஒரு பட்டுப்புடவையை விரித்துக் காட்ட அரை நிமிடம். அதைத் திரும்ப மடிக்க அதைப்போல் பல மடங்கு ஆகும். பார்டரோடு பார்டர் பொருந்த வேண்டும், முந்தி வெளியே தெரியும்படி வர வேண்டும், பழைய மடிப்புக் கோட்டிலேயே விழ வேண்டும். கோடு மாறினால் ஜரிகை கசங்கும், கசங்கினால் கேள்வி வரும். நாம் முப்பது புடவை பிரிக்கச் சொல்லிவிட்டு "இன்னும் ரெண்டு கடை பாத்துட்டு வரோம்" என்று போன பிறகு, அடுத்தவர் வருவதற்குள் அந்த முப்பதும் மடிந்து அலமாரி ஏற வேண்டும்.

பிரிக்கச் சொல்லவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு எடுக்கும் புடவையைப் பிரித்துப் பார்க்காமல் யார் வாங்குவார்கள்? முறையை மாற்றிக்கொண்டால் போதும்.

உட்கார்ந்ததும் மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள்: யாருக்கு, எதற்கு, எவ்வளவுக்குள். "அம்மாவுக்கு, அறுபதாம் கல்யாணம், பன்னிரண்டாயிரத்துக்குள்ள" என்றால் அவர் சரியான அடுக்கிலிருந்து எடுப்பார். பட்ஜெட் சொன்னால் மட்டமாக நினைப்பார்களோ என்று கூச்சப்பட்டு, இருபதாயிரம் புடவை எல்லாவற்றையும் பிரிக்கவிட்டு, கடைசியில் "இவ்வளவு ரேட்டுல வேண்டாம்" என்பதில்தான் இரண்டு பேருக்கும் நேரம் போகிறது. வேடிக்கை பார்க்க வந்தீர்களா, அதையும் சொல்லிவிடலாம். "இன்னைக்கு பாக்க மட்டும்தான் வந்தோம், அடுத்த வாரம் எடுப்போம்." கேட்டுவிட்டு அவர் வேறு ஆளைக் கவனிக்கப் போனால் கோபித்துக்கொள்ளாதீர்கள். நிறையக் கடைகளில் ஒருவர் எவ்வளவு விற்றார் என்று கணக்கு உண்டு, அதை வைத்துத்தான் ஊக்கத்தொகை.

அதே காரணத்துக்காக, ஒரு மணி நேரம் உங்களுக்கு எடுத்துக் காட்டியவர் இருக்கும்போது பில் போட மட்டும் வேறு ஆளிடம் போய்விடாதீர்கள். அவர் கையாலேயே சீட்டு எழுதட்டும். அவர் சாப்பிடப் போயிருந்தால் சீட்டு எழுதுபவரிடம் "அந்த நீலச் சட்டை அண்ணன்தான் காட்டினாரு" என்று சொல்லுங்கள்.

பார்த்துப் பிடிக்காததை உடனே ஓரமாகத் தள்ளி "இது வேண்டாம்" என்றால், நீங்கள் அடுத்ததைப் பார்க்கும்போதே அவர் மடித்துக்கொண்டிருப்பார். ட்ரையல் ரூமில் போட்டுப் பார்த்த துணியைத் தரையில் விட்டு வராமல் கையில் எடுத்து வந்து கொடுங்கள். உள்புறம் வெளியே திரும்பியிருந்தால் நேராக்கிக் கொடுங்கள். கவுண்டர் மேல் குழந்தையைச் செருப்போடு நிறுத்தாதீர்கள்.

'ஒரே விலை' என்று போர்டு போட்ட கடையில் சேல்ஸ்மேனிடம் பேரம் பேசுவது வீண். குறைக்க அவருக்கு அதிகாரம் இல்லை. குறையுமா என்று கேட்டே ஆக வேண்டும் என்றால் கல்லாவில், முதலாளி உட்கார்ந்திருக்கும் கடையாக இருந்தால் அவரிடமே, ஒரு தடவை கேளுங்கள்.

படி 5: பில் கவுண்டரில்

போனைக் காதில் வைத்துக்கொண்டே பொருளைத் தள்ளாதீர்கள். அவர் "பை வேணுமா? கார்டா, ஜிபேயா?" என்று கேட்பதற்கு நாம் புருவத்தால் பதில் சொல்லிக்கொண்டிருப்போம். முறை வருவதற்கு முன்பே செயலியைத் திறந்து வையுங்கள்.

பில் கவுண்டரில் நடக்கும் சண்டைகளில் பல, அரசோ கம்பெனியோ போட்ட விதிக்காக நடப்பவை. பை கொடுக்கவில்லை என்று கத்துவார்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்குத் தடை. 2021 டிசம்பரில் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியது. பை எடுத்துப் போக மறந்தது நாம். மொபைல் நம்பர் கேட்கிறார்களா? கேட்கச் சொல்லி அவருக்கு உத்தரவு. "வேண்டாம்ங்க, நம்பர் இல்லாமப் போடுங்க" என்று நிதானமாகச் சொன்னால் போதும். தனிமனித உரிமை பற்றிய சொற்பொழிவு அவருக்கு வேண்டாம், கம்பெனிக்கு மெயிலில் அனுப்புங்கள்.

பத்து ரூபாய் நாணயம் தனிக் கதை. வெவ்வேறு வடிவங்களில் வந்த 14 வகையும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018இலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் கடைக்காரர் வாங்க மாட்டார், கடைக்காரர் கொடுத்தால் நாம் வாங்க மாட்டோம். கவுண்டரில் இருப்பவர் வாங்கத் தயங்கினால், அவர் கல்லா கணக்கை ஒப்படைக்கும்போது "இதை ஏன் வாங்கின?" என்று கேட்கிறார்களோ என்னவோ. மேனேஜரைக் கூப்பிட்டு, செல்லும் என்று சொல்லுங்கள். சில்லறை தட்டுப்பாடான நேரத்தில் காலையிலேயே ஐநூறு ரூபாய் நோட்டை நீட்டி இருபது ரூபாய்க்கு வாங்குவதும் இந்த வகைதான்.

படி 6: தப்பு நடந்துவிட்டால்

மரியாதை என்றால் வாயை மூடிக்கொண்டு காசு கொடுத்துவிட்டு வருவது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஊசிப்போன சாம்பாருக்குப் புகார் சொல்லித்தான் ஆக வேண்டும். யாரிடம், எப்படி, எந்த வரிசையில் என்பதுதான் கேள்வி.

முதலில் எதிரில் இருப்பவரிடம், பொருளைப் பற்றி மட்டும். "இட்லி ஆறிப்போச்சு, மாத்தித் தாங்க." "இது நான் கேட்ட சைஸ் இல்லை." இதற்கு மேல் "கண்ணு தெரியாதா?", "இதுக்கெல்லாம் சம்பளம் வாங்குறியா?" என்று ஒரு சொல்லும் தேவையில்லை. மாற்றித் தர அவருக்கு அதிகாரம் இருந்தால் மாற்றிவிடுவார். முக்கால்வாசி சாப்பிட்டுவிட்டுச் சொல்லாதீர்கள், முதல் கவளத்திலேயே சொல்லுங்கள். மிச்சம் இருக்கும் அளவைப் பார்த்துத்தான் சமையலறை நம்பும்.

அவர் தயங்கினால், அந்த நேரத்தில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "இதை யார் முடிவு பண்ணுவாங்க? அவங்ககிட்ட நான் பேசுறேன்." இதைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும், கவனித்துப் பாருங்கள். இனி அடி அவர் மேல் இல்லை. மேனேஜர் வந்ததும் முதல் வரியிலேயே "இவர் மேல தப்பில்லை, நல்லாத்தான் கவனிச்சாரு" என்று சொல்லிவிட்டு விஷயத்துக்குப் போங்கள். இதைச் சொல்லாவிட்டால், நாம் போன பிறகு அந்த இட்லியின் விலை யார் சம்பளத்தில் கை வைக்கும் என்று சொல்ல முடியாது. உடைந்த டம்ளருக்கும் சாப்பிட்டுவிட்டு ஓடிப்போனவரின் பில்லுக்கும் சப்ளையரிடமே பிடிக்கும் முதலாளிகள் இருக்கிறார்கள்.

பணம் சம்பந்தப்பட்டதில் விவரம் தெரிந்து பேசினால் சத்தம் போட வேண்டியதில்லை. சாதாரண ரெஸ்டாரண்ட் பில்லில் வரும் 5 சதவீத ஜிஎஸ்டி அரசுக்குப் போவது, அதற்கு சப்ளையரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. சேவைக் கட்டணம் வேறு. கேட்காமலே பில்லில் அதைச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஹோட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆகவே பில்லில் சேவைக் கட்டணம் இருந்தால் எடுக்கச் சொல்லலாம், ஆனால் மேனேஜரிடம். அவர் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

வீடியோ எடுத்துப் போடுவதில் எனக்கு உடன்பாடே இல்லை. கம்பெனியின் மேல் கோபம், ஊர் முழுக்கப் பார்ப்பது பில் போட்ட பெண்ணின் முகத்தை. ரிவ்யூ எழுதுங்கள், கிளை, தேதி, பில் விவரம் எல்லாம் போடுங்கள். ஊழியரின் பெயரும் படமும் அதில் வேண்டாம். பாராட்டாக இருந்தால் மட்டும் பெயரைப் போடலாம்.

ஊழியரே வேண்டுமென்று ஏமாற்றினால், கேவலமாகப் பேசினால், தொட்டால், அது வேறு. அங்கே அவர் செய்ததற்கு அவரே பொறுப்பு. மேனேஜரிடம், எழுத்தில், பெயரோடு கொடுங்கள்.

படி 7: டிப்ஸும் நல்ல வார்த்தையும்

முடிந்தால் கொடுங்கள், ரொக்கமாக, கையில். க்யூஆர் கோடில் சேர்த்துப் போட்டால் அது முதலாளி கணக்குக்குப் போகும், அங்கிருந்து எங்கே போகும் என்பது கடைக்குக் கடை மாறும். தெரியாவிட்டால் "இது உங்களுக்கு வருமா?" என்று கேட்டுவிடலாம். க்ளீனரையும் மறக்காதீர்கள். டிப்ஸ் கொடுத்துவிட்டோம் என்பதால் முந்தைய ஒரு மணி நேரப் பேச்சு சரியாகிவிடாது.

காசு இல்லாமலும் ஒன்று கொடுக்கலாம். கல்லாவில் பணம் கட்டும்போது முதலாளி காதில் விழும்படி "ஜன்னலோரம் பாக்குற அண்ணன் ரொம்ப நல்லாக் கவனிச்சாரு" என்பது. அடுத்த சம்பள உயர்வின்போது அந்த ஒரு வரி ஞாபகம் வர வாய்ப்பிருக்கிறது.

படி 8: வீட்டு வாசலில் டெலிவரி

சமையல் தாமதமானால் டெலிவரி ஊழியர் ஹோட்டல் வாசலில் நிற்கிறார். அந்த நேரத்துக்குத் தனியாக அவருக்குப் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை, அடுத்த ஆர்டர்தான் போகிறது. பிறகு ஆறிய பிரியாணிக்கு நம்மிடம் திட்டு. உணவு சரியில்லை என்றால் செயலியில் உணவகத்தின் மேல் புகார் போடுங்கள், அவருடைய ரேட்டிங்கில் கை வைக்காதீர்கள். அந்த நட்சத்திரம் அவருக்குச் சோறு.

செயலியின் வரைபடத்தில் இடம் காட்டும் பின்னைச் சரியான வாசலில் வையுங்கள். பிளாக், மாடி, கதவு எண், "பிள்ளையார் கோயில் எதிர் சந்து" மாதிரி ஒரு அடையாளம், எல்லாம் எழுதிவிடுங்கள். போனை எடுங்கள். மழை நாளில் தாமதமானால் "மெதுவா வாங்க" என்று ஒரு செய்தி அனுப்புங்கள். வந்தவருக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேளுங்கள், சித்திரை வைகாசி வெயிலில் கட்டாயம்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய வேலை இருக்கிறது. டெலிவரி ஊழியர்கள் லிஃப்டில் ஏறக் கூடாது என்று போர்டு மாட்டிய சங்கங்கள் உண்டு. அடுத்த கூட்டத்தில் அந்தப் போர்டை எடுக்கச் சொல்லுங்கள். வாட்ச்மேன் பயன்படுத்தும் கழிப்பறையை இவர்களுக்கும் திறந்துவிடச் சொல்லுங்கள். தமிழ்நாடு அரசு 2023இல் கிக் தொழிலாளர்களுக்கு, அதாவது இப்படிச் செயலி வழியாக வேலை பார்ப்பவர்களுக்கு, தனி நல வாரியம் அமைத்தது. சென்னை மாநகராட்சி 2025இல் அண்ணா நகரிலும் தி.நகரிலும் இவர்களுக்காக ஏசி ஓய்வறை திறந்தது. ஊர் முழுக்க ஓய்வறை வர நாளாகும், நம் கேட்டுக்குள் ஒரு நாற்காலி போட நாளாகாது.

படி 9: கூட வந்தவர் தப்பாகப் பேசினால்

மாமாவோ நண்பரோ சப்ளையரைத் திட்டும்போது எல்லோர் முன்னாலும் அவரை அடக்கப் போனால் சண்டை இரட்டிப்பாகும். நடுவில் புகுந்து "நான் பேசிக்கிறேன் மாமா" என்று ஆர்டரை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது இரண்டடி பின்தங்கி, "மனசுல வச்சுக்காதீங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு வாருங்கள். முன்பின் தெரியாத ஆள் ஒரு பெண் ஊழியரிடம் அத்துமீறினால் பக்கத்தில் போய் நில்லுங்கள், மேனேஜரைக் கூப்பிடுங்கள். தனியாக இருக்கும் ஊழியரால் எதிர்த்துப் பேச முடியாது, நம்மால் முடியும்.

டம்ளர் கழுவுவது பதினாலு வயதுக்குக் கீழான குழந்தை என்று தெரிந்தால், பத்து ரூபாய் கொடுத்துத் தலையைத் தடவிவிட்டு வராதீர்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அந்த வயதுக் குழந்தையைக் கடை, ஹோட்டல் எதிலும் வேலைக்கு வைப்பது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்கள்.

படி 10: மூடும் நேரம்

ஷட்டர் பாதி இறங்கியதோடு இவர்கள் வேலை முடிவதில்லை. பிரித்த துணி மடிய வேண்டும், கல்லா கணக்கு நேராக வேண்டும், சமையலறை கழுவ வேண்டும், அப்புறம் கடைசி பஸ். பத்தோ அதற்கு மேலோ ஊழியர்கள் உள்ள கடைகள் இரவும் பகலும் திறந்திருக்க 2019இல் தமிழ்நாடு அரசு அனுமதித்தது. அங்கே ஷிஃப்ட் முறை இருக்கும். மற்ற கடைகளில் காலையில் வந்தவரேதான் இரவும் நிற்கிறார்.

பத்து மணிக்கு மூடும் ஹோட்டலுக்கு 9.45க்குப் போனால் உள்ளே உட்காரும் முன் "இன்னும் என்ன இருக்கு?" என்று கேளுங்கள், இருப்பதைச் சாப்பிடுங்கள். கல் அணைத்த பிறகு ரோஸ்ட் கேட்காதீர்கள். சாப்பிட்டு முடித்துக் கதை பேசுவதை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். ஜவுளிக்கடைக்கு அந்த நேரத்தில் ஒரு வேட்டியோ கர்ச்சீப்போ எடுக்கப் போகலாம், முகூர்த்தப் புடவைக்குப் போகக் கூடாது. அதற்கு வாரநாளில் காலை பதினொரு மணி வாக்கில் போங்கள். மாடி காலியாக இருக்கும், நிதானமாக எடுத்துக் காட்டுவார்கள், பேரம் இல்லாவிட்டாலும் நல்ல கலர் கிடைக்கும்.